கப்பல் ஏறாத கப்பல் அனுபவம்

அந்த வேல விளம்பரம் கண்ணுல பட்டப்ப நான் கொமியூட்டர் ட்ரெயின்ல நின்னுக்கிட்டு இருந்தேன், ஷா ஆலம் தாண்டி, ஒரு கையில கம்பி, ஒரு கையில போன். போர்டிங் ஆபீசர், போர்ட் கிள்ளான். கப்பல் வந்து கரையில கட்டுனதும் மொத ஆளா ஏணியில ஏறி மேல போவணும், கேப்டனப் பாத்து பேப்பர் எல்லாம் வாங்கணும், சரி பாக்கணும், அப்பறம்தான் மத்த ஆளுங்க ஏறவோ எறங்கவோ முடியும். அதான் வேல. படிச்சு முடிச்சுட்டு மறுபடி மொதல்லேர்ந்து படிச்சேன்.

இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்புன்னா, நான் ரெண்டு வருஷமா ஷிப்பிங்ல வேல செய்றேன், இதுவரைக்கும் ஒரு கப்பல்லயும் கால் வச்சதில்ல.

சீரியஸா. எங்க ஆபீஸ் கடலுக்குப் பக்கத்துலயே இல்ல, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடைவீட்டு மாடியில இருக்கு. கீழ ஒரு தையக்கட, எதுத்தாப்ல வாழையில சாப்பாட்டுக் கட. ஜன்னலத் தொறந்தா மீன் பொரிக்கிற வாசம் வரும், எனக்கும் கடலுக்கும் அதான் சம்பந்தம். ஆனா என் வீடு பண்டமாரான்ல, கிள்ளான் தாண்டி போர்ட்டுக்குப் போற வழியில. அதாவது கப்பல் எல்லாம் எங்க வீட்டுக்குப் பின்பக்கம் வந்து நிக்கும், நான் காலையில குளிச்சு பவுடர் போட்டு ட்ரெயின் புடிச்சு அதுக்கு நேர் எதிர்ப்பக்கமா கோலாலம்பூர் வரைக்கும் போயி, அதே கப்பலுக்குப் பேப்பர் அடிச்சுட்டு, சாயங்காலம் திரும்பி வருவேன். யாராச்சும் வெளியில இருந்து பாத்தா சிரிப்பாங்க. நானே சிரிச்சிருக்கேன்.

என் வேல பி.எல். அடிக்கிறது. கப்பல்ல ஏத்துன சாமானுக்கு ஒரு ரசீதுன்னு வச்சுக்குங்க. எந்தக் கப்பல், எந்த ஊர்ல ஏறுது, எந்த ஊர்ல எறங்குது, உள்ள என்ன இருக்கு, என்ன எட. ரப்பர் கையுற, மரச் சாமான், பாம் ஆயில், ஒரு தடவ ஒரு கண்டெய்னர் முழுக்க பொம்மைக்கு வைக்கிற கண்ணு. மத்ததெல்லாம் நான் படபடன்னு அடிச்சுருவேன், ஆபீஸ்லயே நான்தான் ஃபாஸ்ட். கப்பல் பேர் வர்ற எடத்துல மட்டும் கை தானா மெதுவாயிரும். பூ பேரு வச்ச கப்பல், பொம்பளப் பேரு வச்ச கப்பல், மல பேரு வச்ச கப்பல். எந்தக் கலர்ல இருக்கும், இப்ப எங்க நிக்கும்னு நெனச்சுக்குவேன். நெட்ல தேடிப் படம் பாப்பேன். பாத்தா இன்னும் கடுப்பாத்தான் ஆகும். படத்துல ஏற முடியாதுல்ல.

சின்னதுலேர்ந்து இப்படித்தான். எங்க தாமான் குடியிருப்புல எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் கூரைங்களுக்கு மேல போர்ட் கிரேன் தலைங்க தெரியும், வரிசையா, ஒட்டகச்சிவிங்கி கூட்டமா வந்து நிக்கிற மாதிரி. அதுக்குக் கீழ கப்பல் இருக்குன்னு தெரியும், ஆனா கப்பல் தெரியாது. அப்பா கண்டெய்னர் லோரி ஓட்டுறாரு. தெனமும் கப்பலுக்குப் பக்கத்துலயே போயி நிக்கிற மனுசன். நான் நச்சு நச்சுன்னு கேப்பேன், எவ்ளோ பெருசுப்பா இருக்கும், மேல என்னா இருக்கும்னு.

"யாரு கண்டா பாப்பா. மேல பாத்தா லோரிய எவன் ஓட்டுறது."

இது ஒரு பதிலா. பாஸ் இல்லாத ஆள உள்ள வுட மாட்டாங்க, அதனால என்னைய ஒரு தடவகூட கூட்டிட்டுப் போனதில்ல. காலேஜ்ல லாஜிஸ்டிக்ஸ் எடுத்ததுக்குக் காரணமே அதான். படிச்சா வுடுவாங்கன்னு நெனச்சேன். படிச்சேன், பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வுட்டாங்க.

சரி, விளம்பரத்துக்கு வரேன். அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக் கடையில அதத் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். எதுக்க என் பக்கத்து மேசக்காரன். தூத்துக்குடியில இருந்து பெர்மிட்ல வந்து எங்க ஆபீஸ்ல கணக்கு வழக்கு சிஸ்டம் பாக்குறான், என் வயசுதான். நான் பேசுறது தமிழே இல்லம்பான், அவன் பேசுறது பாதி எனக்குப் புரியாது, அதனால ரெண்டு பேரும் நல்ல ஃப்ரெண்ட்ஸ்.

"அப்படி என்னத்தப் பாக்குத?"ன்னான்.

போன நீட்டுனேன். எலையில ரசத்தக் கொளமாக் கட்டிக்கிட்டே படிச்சான்.

"கப்பல் ஆபரேஷன்ஸ்ல ரெண்டு வருசம் அனுபவம் வேணுமாம். ஒனக்கு இருக்கா?"

"இருக்குலா. ரெண்டு வருஷம் ஆச்சுல்ல."

"நீ இருக்கது ஷிப்பிங்ல. ஷிப்ல எங்க இருக்க?"

"ஷிப் இல்லாம ஷிப்பிங் ஏது ப்ரோ."

"அப்பம் இந்தக் கடையில பில்லு போடுத அக்கா சமையக்காரியா?"

பில்லு போடுற அக்காவுக்குக் காது கேட்டுருச்சு. "தம்பி, நான்தான் சாம்பார் வச்சேன்"னாங்க. அவன் எலையப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு ஒரு பாயிண்ட்.

ஆனா உள்ளுக்குள்ள இடிச்சுச்சு. அவன் சொன்னது கரெக்ட்தான. எனக்கு ஒரு கப்பல் வந்தா என்னென்ன பேப்பர் குடுக்கணும், எது முன்ன எது பின்ன, எங்க கையெழுத்து இல்லன்னா எவன் கத்துவான், எல்லாம் தெரியும். அந்தக் கையெழுத்து போடுறவன் எந்த ரூம்ல உக்காந்து போடுவான், அந்த ரூம் ஆடுமா ஆடாதா, அது தெரியாது. இது அனுபவமா இல்லியா? பாதி அனுபவம்னு ஒண்ணு இருக்கா? விளம்பரத்துல அதுக்குக் கட்டமே இல்ல.

"சொந்தக் காரு வேணுமாம்"னான்.

"அம்மா காடி இருக்கு."

"ஒயரத்துக்குப் பயப்படாத ஆளு."

"பயம்லாம் இல்ல."

"எப்படித் தெரியும்?"

"நீ படுத்தாத ப்ரோ."

"சீனாக் கப்பல் நெறைய வரதால மாண்டரின் பேசத் தெரியணும்." போனக் கீழ வச்சுட்டான். "முடிஞ்சு. பாயாசம் வாங்கு, துக்கத்துல சாப்புடுவோம்."

"எனக்குச் சீனம் பேச வரும்"னேன்.

நம்பல. பேசிக் காட்டுன்னான். "ச்சியா பா போய்?"னு கேட்டேன். அப்படின்னா என்னன்னான். சாப்ட்டியான்னேன்.

"அம்புட்டுத்தானா?"

"ஏன், கப்பல்காரன் சாப்புட மாட்டானா?"

எங்க ஊருப் பழக்கம் இது, வெளியாளுங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். எனக்கு வெவரம் தெரியாத வயசுல அம்மா கையுற ஃபேக்டரில ஷிஃப்ட் வேல, அப்பா லோரில. என்னையப் பக்கத்துத் தெரு சீன ஆன்டி வீட்ல வுட்டுட்டுப் போயிருவாங்க. எங்க பக்கம் பாதித் தமிழ்ப் பிள்ளைங்க அப்படி வளந்ததுதான். ஆன்டி வீட்ல ஹொக்கியன் பேசுவாங்க, கிள்ளான் சீனவங்க முக்காவாசி அதான் பேசுவாங்க. நானும் மொதல்ல பேசுனது அதுதானாம். பால் வேணும்னு நான் கேட்டது எங்கம்மாவுக்கே புரியாம, ஆன்டியக் கூப்ட்டு என்ன சொல்றான்னு கேட்டாங்களாம். ஸ்கூல் போனதும் அது நின்னு போச்சு, ஆனா வாயில ஒட்டிக்கிட்டு இருக்கும், பாசார்ல மீன் வாங்குறப்ப, காய் வாங்குறப்ப எடுத்து வுடுவேன், கடைக்காரங்க சிரிச்சு ரெண்டு கத்தரிக்கா கூடப் போடுவாங்க. சொந்தக்காரங்க வந்தா அம்மா பெருமையாச் சொல்வாங்க, எங்க கேர்ளு சீனம் பேசும்னு. ஹொக்கியன் வேற, மாண்டரின் வேறன்னு தெரியாமலா இருக்கும். தெரியும். ஆனா எங்களுக்கு அது என்னமோ வீட்டுச் சட்ட, ஆபீஸ் சட்ட மாதிரி. கொஞ்சம் இஸ்திரி போட்டு, டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரி இழுத்துப் பேசுனா மாண்டரின் ஆயிரும்னு ஒரு நெனப்பு. விண்ணப்பத்துல 'ஓரளவு பேசுவேன்'னு தட்டி வுட்டேன். கூசக்கூட இல்ல.

ஒயரம் மட்டும்தான் பாக்கி. அத செக் பண்ணிப் பாத்துரலாம்னு ஞாயித்துக்கெழம அப்பா லோரி நிப்பாட்டுற காலி எடத்துக்குப் போனேன். காலிக் கண்டெய்னரோட நின்னுச்சு. பின்பக்கக் கதவு கம்பியில கால வச்சு ஏறுனேன். ஏறதுக்கு முன்னாடி ஈஸியா தெரிஞ்சது, பாதியில வேற மாதிரி தெரிஞ்சுச்சு. கையெல்லாம் துரு. கடைசியில வயித்த இழுத்துப் போட்டு மேல உருண்டேன். தகரம் வெயில்ல கொதிக்குது, ஒக்காரவும் முடியல.

அப்பா டயருக்குக் காத்து பாத்துக்கிட்டு இருந்தவரு நிமிந்தாரு.

"எதுக்கு மேல ஏறுன?"

"வேலைக்குப்பா."

"எந்த வேலைக்கு?"

"கப்பல் ஏறுற வேல."

அவரு காத்து பாக்குற மீட்டரக் கீழ வச்சாரு. அப்பறம், "அங்க கம்பி புடி இருக்கும், இதுல இல்ல. எறங்கறப்ப மூஞ்சிய தகரத்துப் பக்கம் வச்சுக்க"ன்னாரு. பின்னாடி ஒண்ணு சேத்தாரு: "உங்கம்மாகிட்ட சொல்லிறாத."

நான் ஒடனே எறங்கல. ஏன்னா மேல இருந்து பாத்தா, கூரைங்களத் தாண்டி, கிரேன் கால்களுக்கு நடுவுல, ஒரு கப்பலோட பொகபோக்கி தெரிஞ்சுச்சு. ஆரஞ்சு கலர், மேல ஒரு கறுப்புப் பட்ட. கப்பல்ல அது எவ்ளோ சின்னத் துண்டு, ஆனா அதப் பாத்துட்டு நான் வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தேன். ஒருத்தர ரொம்ப நாளா போன்லயே பேசிப் பேசி, பஸ் ஸ்டாப்ல தூரத்துல இருந்து மொதத் தடவ பாக்குற மாதிரி. கைய ஆட்டலாமா வேணாமான்னு தெரியாதுல்ல, அந்த மாதிரி.

இன்டர்வியூவுக்குக் கூப்ட்டாங்க. எனக்கே ஷாக்.

போர்ட் கிள்ளான்ல பழைய கட்டடம், மாடி. வெளியில இன்னொருத்தன் உக்காந்திருந்தான், பூச்சோங்ல இருந்து இதே இன்டர்வியூவுக்கு வந்தவன், ஷூ பளபளன்னு இருந்துச்சு. உள்ள மேசைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு. ஒருத்தங்க சீன மேடம், அம்பது வயசு இருக்கும், அவங்கதான் மேனேஜர். இன்னொருத்தரு மலாய்க்காரரு, மரியாதைக்கு என்சிக்னு கூப்புடணும், கப்பல் பக்க வேலைக்கெல்லாம் அவருதான் தல, கழுத்து வெயில்ல காஞ்சு செவந்து கெடந்துச்சு. அவங்களுக்குப் பின்னாடி ஜன்னல். ஜன்னல்ல கெடங்குக் கூரைக்கு மேல வெள்ளையா ஒரு அடுக்குமாடி தெரிஞ்சுச்சு. நான் அபார்ட்மென்ட்னு நெனச்சேன். அது மெதுவா நவுந்துச்சு.

நான் அதையே பாத்துட்டு இருந்ததுல மேடம் கேட்ட மொதக் கேள்வி காதுல வுழல. திரும்பக் கேக்க வேண்டியதாப் போச்சு.

என்சிக் நேரா வந்தாரு. "கப்பல் ஏறியிருக்கியா?"

"இல்ல என்சிக்."

"ரெண்டு வருஷ அனுபவம்னு போட்டிருக்க."

"அது ஷிப்பிங்ல."

"ம்." அந்த ம்-ல எல்லாம் இருந்துச்சு. "சரி. கப்பல் கரையில கட்டியாச்சு. நீ மேல போற. என்ன கேப்ப?"

இது எனக்குத் தண்ணி பட்ட பாடு. கடைசியா நின்ன போர்ட்ல குடுத்த க்ளியரன்ஸ், ஆளுங்க பேர் லிஸ்ட், பாஸ்போர்ட், சுகாதாரப் பேப்பர், சாமான் லிஸ்ட், எது இல்லன்னா யாரு கப்பலப் புடிச்சு வச்சுக்குவாங்க, மூச்சு வுடாம ஒப்பிச்சேன். என்சிக் பேனாவ மூடி மேசையில வச்சுட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான் உள்ளுக்குள்ள, கெடச்சுருச்சுடின்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பறம் மேடம் சாஞ்சு உக்காந்தாங்க. "ஏணி அடியில சீனாக்காரரு ஒருத்தரு காவலுக்கு நிக்கிறாரு. இங்கிலீஷ் வராது. நீ கேப்டனப் பாக்கணும். நான்தான் அவருன்னு நெனச்சுக்கிட்டு மாண்டரின்ல பேசு."

இஸ்திரி போடுற நேரம். நெஞ்ச நிமித்துனேன். நியூஸ் வாசிக்கிற குரல வரவச்சேன். வாயத் தொறந்தா வந்தது ஆன்டி வீட்டு அடுப்படி ஹொக்கியன், அதுவும் எனக்கு எந்த வயசுல நின்னுச்சோ அந்த வயசுலயே. நான் சொன்னத தமிழ்ல சொன்னா இப்படி இருக்கும்: அங்கிள், சாப்ட்டீங்களா? ஒங்க மொதலாளி வூட்ல இருக்காரா? நான் உள்ள வரட்டா? ஓட மாட்டேன்.

கடைசி வார்த்த ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியல. உள்ள வரட்டான்னு கேட்டா பின்னாடியே ஓட மாட்டேன்னு சொல்லித்தான் அந்த வீட்ல பழக்கம்.

மேடம் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாங்க. அப்பறம் அவங்களும் ஹொக்கியன்லயே, ரொம்பப் பொறுமையா, கொழந்தகிட்ட கேக்குற மாதிரி கேட்டாங்க: "சாப்ட்டாச்சு. நீ குளிச்சியா?"

"குளிச்சுட்டேன்"னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல, தானா வந்துருச்சு.

அவங்க சிரிச்ச சிரிப்புல என்சிக்குக்கு ஒண்ணும் புரியாம, "அப்பா, அப்பா?"ன்னு மலாய்ல என்ன என்னன்னு கேக்குறாரு. அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டே அவருக்குச் சொன்னாங்க. அவரும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய.

"பண்டமாரானா?"ன்னாங்க மேடம்.

"ஆமா மேடம்."

"கேட்டாலே தெரியுது." ஒரு மாதிரி ஆசையாத்தான் பாத்தாங்க. ஆனா பேனாவ எடுத்து ஒரு எடத்துல கோடு போட்டாங்க, நான் பாத்தேன். "சீனாவுல இருந்து வர்றவங்களுக்கு இதுல ஒரு வார்த்தகூடப் புரியாது, கேர்ள். மழையில, ஏணியில நின்னுக்கிட்டு, ஒருத்தனுக்கு அடிபட்டிருக்குன்னு அவன் கத்துறான், உனக்குப் புரியணும்."

நியாயம்தான. மாண்டரின் ஏதோ எஸ்ட்ரா மார்க்குன்னு நெனச்சுட்டேன், அவங்களுக்கு அது கம்பி புடி.

அப்பறம்தான் மெயின் மேட்டர். டாக்குமென்ட் மேச காலியா இருக்காம். நான் பேசுனதப் பாத்தா அதுக்குன்னே செஞ்ச ஆளு மாதிரி இருக்கேனாம். சம்பளம் இப்ப வாங்கறத வுடக் கூட. வூட்டுக்குப் பக்கம். மேடம் திரும்பி ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு மேசயக் காட்டுனாங்க. "அங்கதான் உக்காருவ. கப்பல் பாக்கணும்னா நாள் பூரா பாக்கலாம்."

"அந்த மேசையில இருந்து கப்பல் ஏறுவாங்களா?"ன்னு கேட்டேன்.

"எதுக்கு?"ன்னாரு என்சிக். "பேப்பர் கீழ வரும்."

"கொஞ்ச நாள் கழிச்சு போர்டிங்குக்கு மாத்துவீங்களா?"

அந்த மனுசன் நல்லவரு, சும்மா மழுப்பி இருக்கலாம். மழுப்பல. "நீ அந்த மேசையில நல்லா வேல செஞ்சா, உன்ன ஏணிக்கு அனுப்ப நானே வுட மாட்டேன். போர்டிங்குக்கு ஆளு கெடப்பான். நல்ல டாக்குமென்ட் ஆளு கெடைக்கிறது கஷ்டம்." திங்கக்கெழம பதில் சொல்லுன்னாங்க.

வூட்ல சொன்னதும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "சாமி கண்ணத் தொறந்துச்சு. மத்தியானம் வூட்டுக்கே வந்து சுடச்சுட சாப்ட்டுட்டுப் போலாம். அந்த ட்ரெயின்ல இனி நசுங்க வேணாம்."

"அது நான் கேட்ட வேல இல்லம்மா."

"கேட்டதுதான் குடுப்பாங்களா? அதே ஆபீஸு, அதே போர்ட்டு."

"கப்பல் ஏற முடியாது."

"ஏறி என்னா பண்ணப் போற கேர்ள்? ஓட்டவா போற?"

ஏறி என்ன பண்ணப் போறேன். பேப்பர் வாங்கப் போறேன், எறங்கப் போறேன். தெரியும்மா. ஆனா ஏறணும்.

தூத்துக்குடிக்காரனும் அதேதான். "எங்க ஊர்லயும் ஹார்பர் இருக்கு. நான் சின்னப்புள்ளயில நெறைய கப்பலு பாத்துருக்கேன். உள்ள என்ன இருக்கும்னு நெனைக்க? இரும்பு. டீசல் நாத்தம். பேசாம அந்த மேசைக்குப் போ."

"நீ பாத்துட்ட. அதனால சொல்ற."

"அதுவும் சரிதாம்"னான். அவன் அப்படி ஒத்துக்கிட்டது எனக்குப் புடிக்கல. சண்ட போட்டிருந்தா ஈஸியா இருந்திருக்கும்.

ஞாயித்துக்கெழம வூட்ல இருக்க முடியல. அம்மா ஏற்கனவே பக்கத்து வூட்டு ஆன்டிக்குச் சொல்லியாச்சு, அந்த ஆன்டி வாழ்த்து சொல்லியாச்சு. நான் ட்ரெயின் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயி எறங்குனேன். எதுத்தாப்லயே ஜெட்டி. அங்க இருந்து பூலாவ் கெத்தாம் தீவுக்கு ஃபெரி போகும், நண்டு சாப்புட, சைக்கிள் ஓட்ட கோலாலம்பூர்க்காரங்க குடும்பமா வருவாங்க. எனக்கு நண்டு வேணாம். ஃபெரி போற வழியில கப்பல் நிக்கும், அவ்ளோதான்.

உள்ள ஏர்கண்டிஷன்ல எல்லாரும் தூங்குறாங்க. நான் பின்பக்கம் வெளியில நின்னேன், இன்ஜின் சத்தம், பொக, தண்ணி தெறிக்குது. ஜெட்டிய வுட்டு வளைஞ்சதும் கப்பல் வந்துருச்சு. இப்ப பொகபோக்கி மட்டும் இல்ல, முழுசா. கீழ துருப்புடிச்ச செகப்பு, அதுக்கு மேல பச்ச, அதுக்கு மேல கண்டெய்னர் அடுக்கு. எங்க ஃபெரி அதுகிட்ட ஒரு செருப்பு மாதிரி இருந்துச்சு. நான் டைப் பண்ணது எல்லாம் இதுதான், இந்தப் பெட்டிங்கதான். என் கையில ஒரு வரியா இருந்தது இங்க வீடு வீடா அடுக்கி நிக்குது.

பக்கத்துலயே ஏணி தொங்குச்சு, கப்பல் ஒடம்போட சாச்சு. அதுல ஒரு ஆளு ஏறிக்கிட்டு இருந்தாரு. மஞ்ச ஹெல்மெட், ஆரஞ்சு வெஸ்ட், தோள்ல ஒரு பை. ஆணா பொண்ணான்னு தெரியல. பைக்குள்ள என்ன இருக்கும்னு மட்டும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு பேப்பரும் தெரியும். பாதி ஏணியில நின்னு, பைய இந்தத் தோள்லருந்து அந்தத் தோளுக்கு மாத்துனாரு. ஒரு தடவ கீழ பாத்தாரு. திரும்ப ஏறுனாரு. மேல ஒருத்தன் குனிஞ்சு கைய நீட்டுனான். அவ்ளோதான், உள்ள போயாச்சு.

அந்த மேசையில உக்காந்து நான் தெனமும் இதப் பாப்பேன். பாத்துக்கிட்டே அந்தப் பைக்குள்ள போற பேப்பர அடிப்பேன். நல்லா அடிப்பேன், எனக்குத் தெரியும். வருஷம் போகப் போக இன்னும் நல்லா அடிப்பேன், அனுபவம் கூடும், எல்லாம் பேப்பர் அனுபவம், அப்பறம் எவன் வந்து என்னைய ஏணியில ஏத்துவான். பிரிக்ஃபீல்ட்ஸ்லயாச்சும் கப்பல் கண்ணுக்குத் தெரியாது. அங்க உக்காந்து ஆசப்படலாம். இங்க ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உக்காந்தா, ஆச ஒரு நாள் சும்மா வேடிக்கையா ஆயிரும். தெனமும் பக்கத்துலயே நின்னும் மேல பாக்காத அப்பாவுக்கு ஆன மாதிரி. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. மத்தது எதுவும் இல்ல.

லைன் இருக்கறப்பவே மேடத்துக்கு மெசேஜ் அடிச்சேன். ரொம்ப நன்றி மேடம், டாக்குமென்ட் மேச எனக்கு வேணாம், போர்டிங் எடம் மறுபடி காலியானா கூப்புடுங்க, மாண்டரின் அதுக்குள்ள ஒழுங்காப் படிக்கிறேன். திருத்தல, படிச்சுப் பாக்கல, அனுப்பிட்டேன். போயிருச்சுன்னு காட்டுன கொஞ்ச நேரத்துலயே லைன் போச்சு, ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு வந்துருச்சு.

தீவுல எறங்கி ஒரு ரவுண்டு நடந்தேன், ஐஸ் போட்ட தண்ணி குடிச்சேன். பதில் வரல. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். திரும்ப ஜெட்டிக்கு வந்தப்ப ஃபெரிக்காரரு கயிறு அவுத்துக்கிட்டு இருந்தாரு.

"பொஸ்"னு கூப்ட்டு மலாய்ல கேட்டேன், "போறப்ப எந்தப் பக்கம் நின்னா பெரிய கப்பல் தெரியும்?"

இடது பக்கம்னு கையக் காட்டுனாரு. "அங்க வெயில் அடிக்கும். எல்லாரும் உள்ள உக்காருவாங்க."

பரவால்ல பொஸ்னு சொல்லிட்டு இடது பக்கம் போயி நின்னேன்.